இம்பாக்ட் ஃபாக்டர் எதை எண்ணுகிறது, எதை விட்டுவிடுகிறது

படிகவியல் துறையில் ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா என்ற ஆய்விதழின் ‘ஏ’ பிரிவுக்கு அந்தத் துறைக்காரர்களிடம் நல்ல பெயர் உள்ளது, வெளியில் பெரிதாக யாருக்கும் தெரியாது. 2008-க்கான அதன் இம்பாக்ட் ஃபாக்டர், அதாவது முந்தைய இரண்டு ஆண்டுகளில் அதில் வந்த ஒரு கட்டுரையை மற்ற கட்டுரைகள் அந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகச் சுட்டின என்ற எண், 2.051. அடுத்த ஆண்டுக் கணக்கு வந்தபோது அது 49.926 ஆகியிருந்தது. நேச்சர், சயின்ஸ் இரண்டையும் தாண்டிப் போய்விட்டது. இதழில் புரட்சி ஒன்றும் நடந்துவிடவில்லை. படிகக் கட்டமைப்பைக் கணக்கிட உலகம் முழுக்கப் பயன்படும் ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளை எழுதிய ஜார்ஜ் ஷெல்ட்ரிக், 2008-இல் அதன் வரலாற்றை ஒரு கட்டுரையாக எழுதி, மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் பொதுவாக இந்தக் கட்டுரையையே சுட்டலாம் என்று அதிலேயே சொல்லியும் வைத்தார். அவர்களும் சொன்னபடி சுட்டினார்கள், ஆயிரக்கணக்கில். அந்தக் கட்டுரை கணக்கில் வரும் காலம் முடிந்ததும் எண் மறுபடி 2-ஐ ஒட்டி வந்து உட்கார்ந்துவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் அதே இதழில் எழுதிய மற்றவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். தங்கள் கட்டுரைக்கு எதிரே ‘இம்பாக்ட் ஃபாக்டர் 49.926’ என்று அவர்கள் எழுதிக்கொண்டிருக்கலாம், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

இந்த எண் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் குழப்பத்தில் பாதி தீரும். யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955-இல் சயின்ஸ் இதழில் ஒரு யோசனையை முன்வைத்தார். ஒரு ஆய்வுக்கட்டுரையை அதற்குப் பின் வந்த எந்தெந்தக் கட்டுரைகள் சுட்டியிருக்கின்றன என்று தேடிப் பார்க்கும்படி ஒரு அட்டவணை இருந்தால் நன்றாக இருக்குமே என்பதுதான் அது. அவர் தொடங்கிய நிறுவனம் 1964-இல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸை வெளியிட்டது. அதில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. மொத்த சைட்டேஷனை, அதாவது சுட்டப்பட்ட எண்ணிக்கையை, மட்டும் பார்த்தால் ஆண்டுக்கு ஆயிரம் கட்டுரை போடும் இதழ்தான் எப்போதும் மேலே நிற்கும், சின்ன இதழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கண்ணில் படாது. சரி, கட்டுரை எண்ணிக்கையால் வகுத்துவிடலாம் என்று கார்ஃபீல்டும் அவருடன் வேலை செய்த இர்விங் ஷெரும் முடிவு செய்தார்கள். அந்த வகுத்தல்தான் இம்பாக்ட் ஃபாக்டர். 1975 முதல் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ் என்ற பெயரில் அது வரத் தொடங்கியது, இப்போது கிளாரிவேட் நிறுவனம் வெளியிடுகிறது. எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று யோசிக்கும் நூலகருக்கு அது உண்மையிலேயே உதவியான எண். அதை வைத்து ஒரு ஆளுக்கு வேலை கொடுக்கலாமா, பதவி உயர்வு கொடுக்கலாமா என்று பின்னால் முடிவெடுப்பார்கள் என்பது அன்றைக்கு யார் கணக்கிலும் இல்லை. அணுசக்தி மாதிரி இதுவும் நன்மையும் தீமையும் கலந்த சமாச்சாரம் என்று பிற்காலத்தில் கார்ஃபீல்டே எழுதினார்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு கற்பனை இதழை எடுத்துக்கொள்வோம். 2023-இல் 40, 2024-இல் 60, ஆக 100 கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் வந்தவற்றை 2025-இல் மற்றவர்கள் மொத்தம் 250 முறை சுட்டியிருக்கிறார்கள். 250-ஐ 100-ஆல் வகுத்தால் 2.5. இதழின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது அந்த 250-ஐப் பிரித்துப் பார்ப்போம். ஒரு மீளாய்வுக் கட்டுரை, அதாவது ஒரு துறையில் இதுவரை நடந்ததையெல்லாம் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ, தனியாளாக 80 சைட்டேஷன் கொண்டுவந்திருக்கிறது. நன்றாகப் போன இன்னும் 9 கட்டுரைகள் சேர்ந்து 90. ஆசிரியர் எழுதிய ஒரு தலையங்கத்தைச் சுட்டியவர்கள் 20 பேர். மீதம் இருப்பது 60 சைட்டேஷன், அது 90 கட்டுரைகளுக்கு. ஆளுக்கு ஒன்று கொடுத்தால்கூட 30 கட்டுரைகளுக்கு மிஞ்சாது. ஆக, இந்த இதழில் உங்கள் கட்டுரை வந்தால் அதற்கு 2.5 சைட்டேஷன் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நான் ஊதிப் பெருக்கிச் சொல்லும் உதாரணமும் கிடையாது இது. நேச்சர் இதழே 2005-இல் தன் கணக்கைத் தானே பிரித்துப் பார்த்து, முந்தைய ஆண்டு இம்பாக்ட் ஃபாக்டரில் 89 சதவீதம் வெறும் 25 சதவீதக் கட்டுரைகளிலிருந்து வந்தது என்று எழுதியது.

அந்தத் தலையங்கத்தைக் கவனித்தீர்களா? அதற்கு வந்த 20 சைட்டேஷனும் மேலே எண்ணப்பட்டது, ஆனால் கீழே உள்ள 100-இல் தலையங்கம் இல்லை. வகுக்கும் எண்ணில் ஆய்வுக்கட்டுரைகளும் மீளாய்வுகளும் மட்டும்தான் சேரும், தலையங்கம், வாசகர் கடிதம், செய்திக் குறிப்பு இவற்றுக்கு அங்கே இடமில்லை. ஆனால் இவற்றுக்கு வரும் சைட்டேஷனுக்கு மேலே இடம் உண்டு. அந்த 20-ஐக் கழித்தால் நம் இதழ் 2.3-க்கு இறங்கிவிடும். எதை ‘கட்டுரை’ என்று எண்ணுவது என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பதற்கு பிஎல்ஓஎஸ் மெடிசின் இதழ் 2006-இல் வெளிப்படையாக எழுதியதே போதும். எந்த வகைகளைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தங்கள் முதல் இம்பாக்ட் ஃபாக்டர் 3-க்குக் கீழேயும் இருக்கலாம், 11 வரையும் போகலாம் என்பது அதைக் கணக்கிடும் நிறுவனத்துடன் நடந்த பேச்சுவார்த்தையின்போது தெரியவந்தது என்று ஆசிரியர்கள் எழுதினார்கள். வகுத்தல் கணக்குக்குப் பேச்சுவார்த்தை எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

அப்புறம் அந்த இரண்டு ஆண்டு வரம்பு. உயிரியலின் சில பிரிவுகளில் இன்று வந்த கட்டுரையை ஆறு மாதத்தில் சுட்டிவிடுவார்கள். கணிதத்தில் ஒரு நிரூபணத்தைப் படித்து முடிக்கவே அவ்வளவு நாள் ஆகும், சுட்டுவதற்கு இன்னும் சில ஆண்டுகள். கணிதத்தின் உச்சியில் இருக்கும் ஆனல்ஸ் ஆஃப் மேதமேட்டிக்ஸின் இம்பாக்ட் ஃபாக்டர் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கிறது. மறுபக்கம், அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஆண்டுதோறும் புற்றுநோய்ப் புள்ளிவிவரத்தை வெளியிடும் இதழுக்கு 2020-இல் 508.702. புற்றுநோய் பற்றி எழுதுகிற எவரும் முதல் பத்தியிலேயே அந்தப் புள்ளிவிவரத்தைச் சுட்டுவார்கள், இதழோ ஆண்டுக்குக் கொஞ்சம் கட்டுரைகள்தான் போடும், வேறென்ன வேண்டும். மருத்துவ இதழான லான்செட் 2020-இல் 79, 2021-இல் 202.731. இடையில் நடந்தது கோவிட். ஒரே ஆண்டில் இதழின் தரம் இரண்டரை மடங்கு ஏறிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் குறைகளைச் சரிசெய்யப் பல மாற்று எண்கள் வந்தன. ஐந்தாண்டு இம்பாக்ட் ஃபாக்டர் வரம்பை நீட்டியது. 2007-இல் வந்த ஐகன்ஃபாக்டரும் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்திலிருந்து கணக்கிடப்படும் எஸ்ஜேஆரும் கூகுள் தேடலுக்கு அடித்தளமான பேஜ்ரேங்க் சிந்தனையைக் கொண்டுவந்தன, அதாவது பெரிய இதழ் சுட்டினால் அதற்கு எடை அதிகம், யாரும் படிக்காத இதழ் சுட்டினால் குறைவு. எஸ்என்ஐபி துறைக்குத் துறை மாறும் சுட்டும் பழக்கத்தைச் சமன்செய்யப் பார்க்கிறது, கணிதக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் நியாயம் கிடைக்கும். எச்-இண்டெக்ஸ் 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் தனி ஆய்வாளர்களுக்காகச் சொன்னது. ஒருவருக்கு எச் 15 என்றால், குறைந்தது 15 சைட்டேஷன் பெற்ற கட்டுரைகள் அவரிடம் 15 இருக்கின்றன. அதையே கூகுள் ஸ்காலர் கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளுக்கு என்று சுருக்கி இதழ்களுக்குப் போடுகிறது.

இன்னொரு மாற்று எண்ணான சைட்ஸ்கோரை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எல்செவியர் 2016 டிசம்பரில் அதைக் கொண்டுவந்தபோது, தலையங்கம், கடிதம் எல்லாவற்றையும் கீழேயும் சேர்த்துத்தான் வகுத்தார்கள். விளைவு, இம்பாக்ட் ஃபாக்டரில் 44 வாங்கியிருந்த லான்செட் சைட்ஸ்கோரில் 8-க்கும் கீழே போய்விட்டது. கடிதங்களும் செய்திகளும் நிறைய போடுகிற இதழ் அது, பாவம், தண்டனை கிடைத்தது அதற்கு. 2020-இல் விதியை மாற்றி, சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்குப் போகும் வகைகளை மட்டும் எண்ணுகிறோம், காலத்தையும் நான்கு ஆண்டாக்குகிறோம் என்றார்கள். எல்செவியர் பெரிய பதிப்பகம், தன் இதழ்களுக்கும் போட்டி இதழ்களுக்கும் மதிப்பெண் போடும் அளவுகோலைத் தானே வைத்திருக்கிறது என்பதை ஒரு ஓரமாக நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணுக்கு மதிப்பு வந்துவிட்டால் எண்ணை வளர்க்கும் கலையும் வந்துவிடும். மீளாய்வுக் கட்டுரைகளை அதிகம் போடுவது அதில் நாகரிகமான வழி. கட்டுரையை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் ‘எங்கள் இதழில் சமீபத்தில் வந்தவற்றையும் கொஞ்சம் சுட்டுங்களேன்’ என்று ஆசிரியர் கேட்பது நாகரிகம் இல்லாத வழி. ‘சுட்டாவிட்டால்?’ என்று திருப்பிக் கேட்கும் தைரியம் முதல் கட்டுரை எழுதும் மாணவருக்கு எங்கிருந்து வரும்? இன்னொன்று, சில இதழ்கள் கூட்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் சுட்டிக்கொள்வது. ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் இப்படிச் சிக்கும் இதழ்களுக்கு அந்த ஆண்டு எண் கொடுக்காமல் நிறுத்திவைப்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்த கதை ஃபோலியா ஃபோனியாட்ரிகா எட் லோகோபெடிகா என்ற, பேச்சு மற்றும் குரல் சார்ந்த இதழுடையது. இம்பாக்ட் ஃபாக்டரை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்களே என்று கடுப்பாகி, 2007-இல் அதன் தலையங்கத்தில் தங்கள் இதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் அத்தனையையும் வரிசையாகச் சுட்டிவிட்டார்கள். மறைத்தெல்லாம் செய்யவில்லை, இந்த எண் எவ்வளவு அபத்தம் என்று காட்டத்தான் செய்கிறோம் என்று சொல்லியே செய்தார்கள். 0.66 இருந்த எண் 1.44 ஆனது. ஒரே தலையங்கத்தில் இரண்டு மடங்குக்கு மேல்! அதற்குப் பரிசாக இதழைப் பட்டியலிலிருந்து நீக்கிவைத்தார்கள்.

இதெல்லாம் போக, இம்பாக்ட் ஃபாக்டர் என்ற சொல்லை முன்னும் பின்னும் ஏதாவது சேர்த்து ஒட்டிக்கொண்ட போலி எண்களை விற்கிறவர்கள் தனி. இதழின் தளத்தில் அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் அது ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் அந்தத் தளத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த உயிரணு உயிரியலாளர்கள் கூட்டத்தில் ஒரு பிரகடனம் உருவாகி, 2013 மே மாதம் வெளியானது, டோரா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதழின் எண்ணை வைத்துத் தனிக் கட்டுரையையோ ஆளையோ எடைபோடாதீர்கள் என்பது அதன் சாரம். பல்லாயிரம் பேரும் நிறுவனங்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கையெழுத்திட்ட இடங்களிலேயே நேர்காணல் மேசையில் அந்த எண் எட்டிப் பார்ப்பதும் உண்டு. 200 விண்ணப்பம் வந்து கிடக்கும்போது எல்லாவற்றையும் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது, எண்ணைப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் வடிகட்டிவிடலாம். அது தவறு என்று எல்லோருக்கும் தெரியும், வசதி என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

சரி, சைட்டேஷனுக்கு வெளியே ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் கவனத்தை எண்ணும் ஆல்ட்மெட்ரிக்ஸ் பக்கம் வருவோம்.

ஜேசன் பிரீம் என்ற ஆராய்ச்சி மாணவர் 2010-இல் ஒரு ட்வீட்டில் போட்ட சொல் அது, அந்த ஆண்டு அக்டோபரிலேயே மூன்று பேருடன் சேர்ந்து ஒரு அறிக்கையும் எழுதிவிட்டார். அவர்கள் சொன்ன குறை நியாயமானது. ஒருவர் உங்கள் கட்டுரையைப் படித்து, தன் ஆய்வைச் செய்து, எழுதி, மதிப்பாய்வு முடிந்து அச்சாகும்போதுதான் உங்களுக்கு ஒரு சைட்டேஷன் விழும். அதற்குள் ஓரிரு ஆண்டு ஓடிவிடும். அதோடு, படிக்கிற எல்லோரும் கட்டுரை எழுதுகிறவர்கள் கிடையாது. சிகிச்சை முறையை மாற்றிக்கொண்ட மருத்துவர், பாடத்தில் சேர்த்துக்கொண்ட ஆசிரியர், சட்ட முன்வரைவு தயாரிக்கும் அதிகாரி இவர்கள் யாரும் சைட்டேஷன் கணக்கில் வருவதே இல்லை. அதனால் செய்தி, வலைப்பதிவு, விக்கிபீடியா, அரசுக் கொள்கை ஆவணம், சமூக ஊடகம், மெண்டலி என்ற செயலியில் கட்டுரையைச் சேமித்துவைத்தவர்கள், பதிவிறக்கம் என்று எல்லாத் தடங்களையும் எண்ணலாமே என்றார்கள். முக்கியமாக, இவை தனிக் கட்டுரைக்கான எண்கள். இதழின் பெயரை வைத்துக் கட்டுரையை ஊகிக்கும் வேலையே இல்லை.

பல பதிப்பகங்களின் பக்கங்களில் கட்டுரைக்கு அருகே வண்ண வண்ணமாக ஒரு டோனட் வளையம் பார்த்திருப்பீர்கள், நடுவில் ஒரு எண் இருக்கும். ஆல்ட்மெட்ரிக் என்ற நிறுவனத்துடையது. சிவப்பு செய்திகளுக்கு, மஞ்சள் வலைப்பதிவுகளுக்கு, வெளிர்நீலம் ட்விட்டருக்கு, ஊதா கொள்கை ஆவணங்களுக்கு. நடுவில் உள்ள எண் எடைபோட்டுக் கூட்டியது, செய்தி ஒன்றுக்கு 8, வலைப்பதிவுக்கு 5, ட்வீட்டுக்கு அதைவிடக் குறைவு என்று போகும். பலர் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வளையத்தைச் சொடுக்கினால்தான் விஷயமே இருக்கிறது. யார் எழுதினார்கள், எந்த ஊடகம், புகழ்ந்தார்களா கிழித்தார்களா எல்லாம் உள்ளே வரிசையாக இருக்கும். வளையம் முழுக்க வெளிர்நீலமாக இருந்து உள்ளே போனால் கட்டுரையின் வேடிக்கையான தலைப்பை எல்லோரும் பகிர்ந்து சிரித்திருக்கலாம். எண் சின்னதாக இருந்து, ஊதா மட்டும் மெல்லிய கீற்றாகத் தெரிந்தால் அதை விடாமல் திறந்து பாருங்கள், எங்கோ ஒரு நாட்டின் சுகாதார வழிகாட்டுதலில் அந்தக் கட்டுரை ஏறியிருக்கலாம். எனக்கு முதலாவதைவிட இரண்டாவதன் மேல்தான் மரியாதை.

இன்னொரு விநோதம், மெண்டலியில் எத்தனை பேர் சேமித்திருக்கிறார்கள் என்பது அந்த நடு எண்ணில் சேராது, பக்கத்தில் தனியாகக் காட்டுவார்கள். ஆனால் பிற்காலத்தில் சைட்டேஷன் வருமா என்பதை ஓரளவு முன்கூட்டிச் சொல்வது அந்த எண்ணிக்கைதான். ட்வீட்டுகளுக்கும் சைட்டேஷனுக்கும் உள்ள உறவு ரொம்பப் பலவீனமானது.

2016-இல் ஆல்ட்மெட்ரிக் பட்டியலில் முதலிடம் பிடித்தது பராக் ஒபாமா ஜாமா இதழில் எழுதிய, அமெரிக்கச் சுகாதாரச் சீர்திருத்தம் பற்றிய கட்டுரை. பதவியில் இருக்கும் அதிபர் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினால் கவனம் வராமல் என்ன செய்யும். அந்த எண் அளந்தது கவனத்தைத்தான், அதன் பெயரும் ‘கவன மதிப்பெண்’ என்றுதான் இருக்கிறது. அதைத் தாக்கம் என்று மொழிபெயர்த்துக்கொண்டது நாம்.

கவனமும் தரமும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு 2020 மே 22 அன்று லான்செட்டில் வந்த, கோவிட்டுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றிய கட்டுரையைச் சொல்லலாம். சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனத்தின் தரவை வைத்து எழுதியது. செய்திகளில் கொட்டித் தீர்த்தார்கள், உலகச் சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்துக்கான பகுதியையே தற்காலிகமாக நிறுத்தியது. அடிப்படைத் தரவைச் சரிபார்க்க முடியவில்லை என்று ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, மொத்தம் 13 நாள். தாக்கம் என்ற சொல்லுக்கு அகராதிப்படி பொருள் கொண்டால் இதைவிடப் பெரிய தாக்கம் ஒரு கட்டுரைக்கு எங்கே கிடைக்கும்? சைட்டேஷன்காரர்களும் இங்கே காலரைத் தூக்கிக்கொள்ள முடியாது, திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தெரிந்தோ தெரியாமலோ ஆண்டுக்கணக்கில் சுட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட சைட்டேஷன்களை இம்பாக்ட் ஃபாக்டர் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது என்று கிளாரிவேட் முடிவு செய்ததே 2025-இல்தான்.

ஆல்ட்மெட்ரிக்ஸின் காலடியில் வேறொரு பள்ளமும் இருக்கிறது. எண்ணும் இடம் அடுத்தவர் சொத்து. 2023-இல் ட்விட்டர் தரவுக்குக் காசு கேட்கத் தொடங்கியதும், கட்டுரைகளைப் பற்றிய ட்வீட்டுகளைச் சேகரித்துவந்த கிராஸ்ரெஃப் அமைப்பு அதை நிறுத்திவிட்டது. ஆய்வாளர்கள் பலர் ப்ளூஸ்கைக்குக் குடிபோனார்கள், எண்ணுகிறவர்கள் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. 2015 கட்டுரையின் ட்வீட் எண்ணிக்கையையும் 2024 கட்டுரையின் ட்வீட் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்களைப் பார்த்தால் இதைக் கொஞ்சம் சொல்லுங்கள். தானாக ட்வீட் போடும் பாட்களைப் பற்றி நான் சொல்லவே ஆரம்பிக்கவில்லை.

எந்த இதழுக்கு அனுப்பலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் கட்டுரையின் கடைசியில் நீங்களே சுட்டியிருக்கும் பட்டியலைப் பாருங்கள், எந்த இதழின் பெயர் அதில் திரும்பத் திரும்ப வருகிறதோ அங்கேதான் உங்கள் வாசகர்கள் இருக்கிறார்கள். எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதே துறைக்குள் ஒப்பிடுங்கள், ஒரு ஆண்டை மட்டும் பார்க்காமல் ஐந்தாறு ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள், திடீரென்று எகிறியிருந்தால் எந்தக் கட்டுரை தூக்கியது என்று தேடுங்கள்.

தேடுவது கஷ்டமும் இல்லை. 2018 முதல் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் ஒவ்வொரு இதழின் பக்கத்திலும் ஒரு பட்டை வரைபடம் இருக்கிறது, எத்தனை கட்டுரைகளுக்கு எத்தனை சைட்டேஷன் என்று. இம்பாக்ட் ஃபாக்டரைத் தாண்டி இன்னும் கொஞ்சம் கீழே போக வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் இடது ஓரத்தில் 0, 1, 2 என்ற இடங்களில் உயரமான பட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், பிறகு சரிந்து சரிந்து ஒன்றுமில்லாமல் போகும், வலது கோடியில் மட்டும் எங்கோ தொலைவில், தலைமுடி கனத்தில், தனியாக ஒரு கோடு இருக்கும்.